குவியல் காட்டிய வழி

ஏப்ரல் 10, வியாழன்

சனிக்கிழமை மொட்டைக்கல் மலைக்குப் போகிறோம். மலைமேல் இருக்கிற மாதப்பசாமிக்கு வருகிறோம் என்று நேர்ந்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் யாருக்காவது காய்ச்சல் வந்து பயணம் நின்றுபோகும். இந்தத் தடவை காய்ச்சல் வந்தாலும் போவது என்று சொல்லிவிட்டேன்.

கிழக்குப் பக்கம் படிக்கட்டு இருக்கிறது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஏறுவார்கள், வழியில் மோர்கூட விற்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் படிக்கட்டு ஆகாது. மேற்கே மாட்டுத்தடம் ஒன்று இருக்கிறதாம். யாரோ ஒருத்தன் அதில் ஏறிப் படம் பிடித்துச் செல்போனில் போட்டிருக்கிறானாம். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிற மனுஷனுக்கு மலைமேல் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்ததோ.

சாயந்திரம் அண்ணன் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"செல்போனப் பாத்து ரசம் வெக்கலாமுங்க மாப்ள. மலையேற முடியுமுங்களா?"

"மச்சானுக்கு மூச்சு வாங்கும்னு பயமுங்க. நீங்க படிக்கட்டுல மெதுவா வாங்க. மேல போயி நாங்க காத்திருக்கறோம்."

அவ்வளவுதான், அண்ணனும் மேற்கே வருகிறார். இரண்டு பேருக்கும் இருபது வருடமாக இதே வேலை. மாப்ள, மச்சான் என்று வாயில் தேன் ஒழுகும். ஆனால் ஒருத்தர் ஒரு படி ஏறினால் இன்னொருத்தர் இரண்டு படி ஏறியாக வேண்டும். அண்ணனுக்கு உரக்கடை, சொந்த மாடி வீடு. நாங்கள் இன்னும் வாடகை வீட்டில். அண்ணன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமல் இருப்பதே சில சமயம் எனக்குச் சொல்லிக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டாயிற்று. புளிசாதம் சனிக்கிழமை விடியும்முன் கிளறினால் போதும்.

ஏப்ரல் 12, சனி. காலை

ஜீப்காரர் ரங்கநாதன் எங்களை மேற்கு அடிவாரத்தில் இறக்கிவிட்டார். சாயந்திரம் சுற்றி வந்து கிழக்கு வாசலில் நிற்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது, "பொழுது எறங்கறதுக்குள்ள கோயிலத் தாண்டிருங்கக்கா. இந்தப் பக்கம் ஆனை நடமாட்டம் இருக்குது" என்றார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினாரே தவிர காதில் வாங்கவில்லை.

முதல் மேடு ஏறி உட்கார்ந்திருக்கிறோம். மழை பெய்து எத்தனை மாதம் ஆயிற்றோ, மண்ணெல்லாம் பொடியாகக் கிடக்கிறது. பெரிய மரமே இல்லை. காரைச்செடியும் சூரைமுள்ளும் சப்பாத்திக்கள்ளியும்தான். அண்ணன் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டார். பார்க்கச் சந்தைக்கு வந்த மாட்டுத் தரகர் மாதிரி இருக்கிறார் என்றேன். "உன்ற ஊட்டுக்காரர வித்துட்டுப் போறதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

சனி. மத்தியானம்

தடம் தவறிவிட்டது. ஒரே தடமாக வந்தது நாலாகப் பிரிந்தது, நாலும் கொஞ்ச தூரம் போய்ப் புதருக்குள் முடிந்தன. மாடுகள் எங்கே மேய்ந்தனவோ அதுவரைக்கும்தான் மாட்டுத்தடம் என்பது ஒரு மாதம் படம் பார்த்தவருக்குத் தெரியவில்லை. செல்போனில் டவர் இல்லை. உண்ணிப்புதர் ஆளுயரத்துக்கு மண்டியிருக்கிறது. என் சுடிதார் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது, வீட்டுக்காரருக்கு முழங்கையெல்லாம் ரத்தக்கீறல்.

"வந்த வழியே எறங்கிரலாமுங்க மாப்ள" என்றார் அண்ணன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுங்களா?"

அப்போதுதான் அந்தக் கற்குவியல் கண்ணில் பட்டது. முழங்கால் உயரம் இருக்கும். கொஞ்சம் தள்ளிச் சரிவில் இன்னொன்று. எந்த மலைக்கோயிலுக்குப் போனாலும் வழியில் இதைப் பார்க்கலாம். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஜனங்கள் கல் அடுக்கி வைப்பார்கள். கல் அடுக்கியிருந்தால் பக்தர்கள் நடக்கிற பாதை என்றுதானே அர்த்தம்? இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

அண்ணன் குனிந்து பார்த்தார். "இது அடுக்குன மாதிரி இல்லியே அம்மிணி. கொட்டுன மாதிரியல்ல இருக்குது. மேல தழையெல்லாம் காஞ்சு கெடக்குது."

அண்ணனுக்கு எதிலும் ஒரு சந்தேகம். காற்றில் சரிந்திருக்கும், தழை தானாக விழுந்திருக்கும். அதன்மேல் மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நானும் கும்பிட்டேன். "கேக்கறதே கேக்கற, மாடியோட கேளு" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டார்.

குவியலைப் பிடித்துக்கொண்டே நடப்பதென்று முடிவாயிற்று. யார் யோசனை என்று எழுதி என்ன ஆகப் போகிறது. மூன்று பேரும்தான் நடந்தோம்.

சனி. பொழுது சாயும் நேரம்

கையெழுத்து கோணலாக வருகிறது.

குவியல்கள் மேலே போகாமல் சரிவில் இறங்கின. கொஞ்சம் இறங்கிவிட்டு அப்புறம் மேடு ஏறும் என்று நினைத்தோம். மேடு வரவே இல்லை. அகலமான தடம் ஒன்று வந்தது. முள்ளெல்லாம் மிதிபட்டு, நடக்கச் சுகமாகத்தான் இருந்தது. வழியில் யானைச் சாணம் கிடந்தது. காய்ந்த சாணம்தான் என்று வீட்டுக்காரர் காலால் தள்ளிக் காட்டினார். காய்ந்ததைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காயாததும் கிடந்தது. அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

பாறைச் சரிவில் இறங்கும்போது வீட்டுக்காரர் கால் வைத்த கல் உருண்டது. நான் பின்னால் இருந்தேன். முதலில் அவருடைய பை போனது, பிறகு அவர். கீழே விழுந்ததும் சத்தமே போடவில்லை. அண்ணன் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து இறங்கினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை.

முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருக்கிறது. எலும்பு வெளியே வரவில்லை, ஆனால் தோலுக்குள் முட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. அண்ணன் தலையில் கட்டியிருந்த சட்டையைக் கிழித்து, இரண்டு குச்சியை வைத்துக் கட்டினார். கட்டும்போது வீட்டுக்காரர் அண்ணனின் தோளைக் கடித்துவிட்டார். "கடிங்க மாப்ள, நல்லாக் கடிங்க. கறி நெறையா இருக்குது" என்றார் அண்ணன். அண்ணன் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பாறைக்கு அடியில் நிழல் மாதிரி ஒரு இடத்தில் இழுத்துப் படுக்க வைத்திருக்கிறோம். ஒரு பாட்டில் தண்ணீர் முழுதாக இருக்கிறது, இன்னொன்றில் அடியில் கொஞ்சம். மாதப்பா, உன்னைப் பார்க்கத்தானே வந்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு. காலை

யாரும் தூங்கவில்லை. கீழே பள்ளத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நெருப்பு மூட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "காஞ்ச காடு, பத்திக்கும்" என்று அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

இவருக்கு உடம்பு கொதிக்கிறது. பாதம் கறுத்து வீங்கி, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. மருந்துக்கடையில் இத்தனை வருடம் இருந்தவர், தன் காலைத் தானே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே கிடக்கிறார்.

அண்ணன் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். யாராவது போய் ஆள் கூட்டி வரவேண்டும் என்றேன்.

"எங்கயும் போக வேண்டாம் வசந்தா. ரங்கநாதன் நேத்துப் பொழுதோட நம்மளக் காணாம சும்மா இருந்திருக்க மாட்டான். இந்நேரம் ஆளுகளுக்குச் சொல்லியிருப்பான். இருந்த எடத்துல இருந்தாத்தான் கண்டுபுடிப்பாங்க."

"அவன் வாடகை வேற கெடைச்சா போயிருப்பானுங்கண்ணா. இவரு காலப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன். வழி தெரியாத காட்டுல நானும் போயித் தொலைஞ்சா உங்க ரெண்டு பேருக்கும் ஆருடி இருக்கறா? மத்தியானம் வரைக்கும் பொறு."

மத்தியானம் வரைக்கும் இவர் தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. ஆனால் அவர் அமைதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பேசினேனோ அதை அப்படியே எழுதுகிறேன். நான் பேசியதில் தப்பில்லை.

"இதே அண்ணி கால ஒடிச்சுட்டுக் கெடந்தா இப்படிக் கல்லாட்டம் உக்காந்திருப்பீங்களா? என்ற ஊட்டுக்காரர்னா உங்களுக்கு எப்பவுமே எளக்காரம். இவரு இங்கயே போயிட்டா ஒரு தொல்லை உட்டுதுன்னு இருப்பீங்க."

"பேச்சப் பாத்துப் பேசு வசந்தா."

"பயமா இருந்தா பயம்னு சொல்லீருங்க. நானே போறேன்."

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். சட்டை இல்லை, வெறும் பனியன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை.

"எந்தப் பக்கம் போறது?" என்று கேட்டார். ஏதோ நான்தான் மூத்தவள் போல.

"குமிஞ்ச கல்லப் பாத்துட்டே எறங்குங்க. கீழ ஊரு இருக்கும்."

இவர் பக்கத்தில் குனிந்து, "மாப்ள, வந்தர்றனுங்க" என்றார். இவர் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். உண்ணிப்புதருக்கு மேல் அவர் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது.

நல்லவேளை, இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது எதுவும் காதில் விழுந்திருக்காது.

ஞாயிறு. மத்தியானம்

பள்ளத்தில் ஒரு பிளிறல் கேட்டது. ஒரே ஒரு தடவை. தூரத்தில்தான்.

ஞாயிறு. இரவு, ஆஸ்பத்திரி

இவரை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

நிழல் திரும்புகிற நேரத்தில் மேலே இருந்து விசில் சத்தம் கேட்டது. மேலே இருந்து, கீழே இருந்து இல்லை. ரங்கநாதன்தான் முன்னால் ஓடி வந்தார். நேற்று இருட்டும் வரை கிழக்கு வாசலில் நின்றுவிட்டு, எங்களைக் காணோம் என்றதும் நேராக வனத்துறை வாச்சரிடம் போயிருக்கிறார். விடிந்ததிலிருந்து மலையூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உச்சியிலிருந்து தேடி இறங்கியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணன் எங்கீங்கக்கா?"

"உங்களக் கூப்பிடத்தான் போனாரு" என்றேன்.

இவரைப் போர்வையில் போட்டுத் தூளி மாதிரி தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். நேற்று நாங்கள் பார்த்த குவியல்களில் ஒன்றைத் தாண்டும்போது, முன்னால் போன வாச்சர் சித்தன் ஒரு தழையை ஒடித்து அதன்மேல் போட்டார். பின்னால் வந்தவரும் ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

"இது சாமிங்களா?" என்று கேட்டேன்.

"சாமியில்லீங்கம்மா. ஒவ்வொண்ணும் ஆனை அடிச்சு ஆளு செத்த எடம். இந்தப் பக்கம் போறவங்க வர்றவங்க ஒரு கல்லோ தழையோ போட்டுட்டுத்தான் போவோணும். இந்தத் தடமே ஆனை தண்ணிக்கு எறங்கற தடமுங்க. காணாமப் போன மாடு தேடி வந்தாத்தான் நாங்களே இதுல கால் வெப்போம்." பிறகு நின்று திரும்பினார். "உங்க அண்ணன் எந்தப் பக்கம் போனாருங்க?"

கையைக் காட்டினேன். பள்ளத்துப் பக்கம். சித்தன் மற்றவர்களைப் பார்த்தார். அப்புறம் ஒருவரை மட்டும் எங்களோடு ரங்கநாதன் ஜீப்புக்கு அனுப்பிவிட்டு, சித்தன் இன்னொருவரோடு கீழே இறங்கினார்.

செத்துப்போன ஒருத்தர் மேல் கல் வைத்து நான் வீடு கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ மாவிலை கட்டியிருக்கிறார்கள். காலையில் அண்ணன் கிடைத்துவிட்டார். பள்ளத்துத் தண்ணீருக்குப் பக்கத்தில். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கால்களை மட்டும் பார்த்தேன். ஷூ கயிறு அவிழாமல் இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

அண்ணனை எடுத்து இரண்டு நாளாகிறது. இவருக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். கால் தப்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் காலை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்குமாம். ஒரு நாள்தான், அரை நாள் இல்லை. மத்தியானம் வரைக்கும் பொறுத்திருந்தாலும் கால் இருந்திருக்கும். இதை டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

மத்தியானம் பரிமளா அண்ணி வந்தார். கூட அவருடைய தம்பிகள் இரண்டு பேர். அண்ணி அழவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவரு ஏன் தனியாப் போனாரு? எதுலயும் எறங்கறதுக்கு முன்னாடி பத்துத் தடவ யோசிக்கற மனுசன். ஆரு போகச் சொன்னது?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"நாந்தாங்க" என்றார் இவர். "வலி தாங்க முடியலீங்க. போயி ஆளக் கூட்டிட்டு வாங்க மச்சான்னு நாந்தான் கத்துனேன். கல்லுக் குவியலப் பாத்துட்டே எறங்குங்கன்னும் நாந்தான் சொன்னேன்."

அண்ணியின் பெரிய தம்பி கையை ஓங்கிவிட்டான். அண்ணி அவனைப் பிடித்து இழுத்தார். இவரைப் பார்த்து, "நல்லா இருங்க" என்றார். மனசார ஒருத்தரைச் சபிக்க வேறு வார்த்தை தேவையில்லை. போகும்போது என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குவியலைப் பார்த்து இறங்கச் சொன்னதுகூட இவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்குக் காலையில் இவர் தூங்கவே இல்லை. அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடிக் கிடந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் போயிருக்க மாட்டார். எனக்கு மட்டும்தான் வாய் இருந்ததா?

கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலை ஹாலுக்கு நகர்த்தினோம், வீட்டின் சொந்தக்காரம்மா உதவி செய்தார். துவைக்கப் போட்டது மலையாகக் கிடந்தது, எல்லாம் துவைத்தேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேளைக்கு மாத்திரை கொடுக்கிறேன். "தண்ணி", "போதும்", இந்த இரண்டு வார்த்தைதான் எங்களுக்குள்.

ஏப்ரல் 23, புதன்

இன்றைக்கு நானே கேட்டுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று.

மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். "உனக்குப் பொறந்த ஊடு அது ஒண்ணுதான். எனக்கு என்ன, மச்சான் போயிட்டாரு, அதுக்கு மேல அந்த ஊட்டுல எனக்கு என்ன இருக்குது" என்றார். அப்புறம், "போனாப் போகட்டும்னு நானும்தான் கம்முனு கெடந்தேன் வசந்தா. கால் அப்படி வலிச்சுது" என்றார்.

அவர் அழுது இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்தில் போய் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

நாளைக்கு அண்ணனுக்குக் கருமாதி.

சாயந்திரம் தாரணி வந்தாள். அண்ணனின் ஒரே பெண், கோயம்புத்தூரில் காலேஜ் கடைசி வருடம். அப்படியே அண்ணன் ஜாடை. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இளைத்துப்போயிருக்கிறாள். அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"அம்மா சொல்றத என்னால நம்ப முடியலீங்கத்தை. மாமா அப்படிப் பண்ற ஆளில்லீங்க. அப்பாவும் மாமாவும் எந்நேரமும் சிரிச்சுட்டே இருப்பாங்க. நெசமாலுமே மாமாதான் அப்பாவப் போகச் சொன்னாருங்களா? நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்."

கொல்லையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளிடம் சொல்லலாம். இவளிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

"ஆமா கண்ணு" என்றேன். "மாமாதான் போகச் சொன்னாரு."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தாரணி கையை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள். "நாளைக்குக் காலைல நீங்க வந்தர்றீங்களாத்தை? கூடப்பொறந்தவங்க நீங்க ஒருத்தர்தான இருக்கறீங்க. மாமா வர வேண்டாம்னு அம்மா சொல்லிருச்சு. நானும் இப்ப அதையேதான் சொல்றேன்."

"வர்றேன் கண்ணு."

இவர் படுத்திருந்த ஹால் வழியாகத்தான் அவள் வாசலுக்குப் போக வேண்டும். "தாரணி, சாப்ட்டுட்டுப் போ சாமி" என்றார் இவர். அவள் திரும்பிப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது, நாளைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்துவிடுவேன், சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "அந்தச் சந்தனக்கலர் சீலையக் கட்டிக்க. மச்சான் எடுத்துக் குடுத்ததுதான" என்றார்.

பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.